இல்லாத கோயிலும் இருந்த கால்வாயும்

உங்கள் தெருவை ஒரு படமாக வரைந்து கொடுங்கள் என்று யாராவது வந்து கேட்டால் உடனே பென்சிலைக் கையில் எடுக்காதீர்கள். கேட்கிறவன் யார், அவன் பைக்குள் என்ன இருக்கிறது, அந்தப் படம் இங்கிருந்து எங்கே போகும் என்று முதலில் விசாரியுங்கள். என் வயதுக்காரர்களுக்கு இதை நான் சொல்லவே தேவையில்லை. நம்மில் பாதிப் பேரின் நிலம் எவனோ காகிதத்தில் போட்ட ஒரு கோட்டில்தான் போனது.

இதைச் சொல்கிறவனுக்குப் படம் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடம் எனக்கு ஆறாவதோடு சரி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் துடைக்கிறவனாக நுழைந்தவன், இன்றைக்கு மண்ணூர்பேட்டையில் சொந்த ஷெட், சொந்த மெஷின், வாசலில் என் பெயர் போட்ட பலகை. இன்ஜினியர்கள் கொண்டு வருகிற டிராயிங்கைக் கையில் வாங்கியதுமே எங்கே அளவு விட்டுப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஒரு தம்பி கம்ப்யூட்டரில் போட்டு எடுத்து வந்த படத்தில் துளைக்கு ஆழமே குறிக்கவில்லை. "இன்னா தம்பி, பூமிக்கு அந்தாண்ட வரைக்கும் தொளைக்கணுமா?" என்று கேட்டேன். இப்போதும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் போன மழைக்குப் பிறகு ஒரு பெண் வந்து படம் கேட்டாள். என் ஷெட்டுக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கிற அடுக்குமாடியில் குடியிருக்கிறாள். மதுரைப் பக்கத்துப் பெண், ஐ.டி. வேலை.

"அங்கிள், மழை பெஞ்சா எங்க பில்டிங் கார் பார்க்கிங்ல தண்ணி நிக்குது. வெறும் மழைத்தண்ணியா இருந்தாப் பரவாயில்ல. ஒரு மஞ்சளா, ஒரு வாடையா ஊறி வருது. முன்னாடி இங்க எது எங்க இருந்துச்சுன்னு பழைய ஆளுக எல்லாம் வந்து வரைஞ்சு காட்டணும். வார்டு கூட்டத்துல கொண்டுபோய் வைக்கப் போறோம்."

"வாயால சொன்னா பத்தாதாம்மா?"

"சொன்னா யாரும் காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க அங்கிள். படமா மாட்டினா பாத்துத்தானே ஆகணும்."

எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை, கிட்டத்தட்ட இதே சொற்களில், நான் அரை டவுசர் போட்டிருந்த காலத்தில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதை நம்பாததால் வந்தது என்ன என்றும் எனக்குத் தெரியும்.

அப்போது எஸ்டேட் புதிது. தெருவுக்கு ஒரு பக்கம் தகரக் கூரை, புகை, எண்ணெய் வாடை. மறுபக்கம் சேறும் நெல்லும். காலையில் கம்பெனிச் சங்கு ஊதினால் கட்டிப்போட்ட ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் துள்ளும். எங்களுக்கும் நெல் வயல் இருந்தது. அதை அளக்க ஒரு சர்வேயர் வந்தார். மூன்று கால் வைத்த ஒரு கருவி, இழுத்துப் பிடிக்கிற சங்கிலி, தோளில் நீளமாக ஒரு குழல். அதற்குள் சுருட்டிய காகிதம். என் பெரியப்பாதான் அவருக்குக் குடை பிடித்தார், இளநீர் வெட்டிக் கொடுத்தார். சர்வேயர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணைக் கருவியில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டார். பெரியப்பாவுக்கும் ஆசை. "நானும் ஒருவாட்டி பாக்கட்டா சாமி?" என்று கேட்டுக் குனிந்து பார்த்தார்.

"அய்யே, நெலம் தலைகீழா கீது சாமி!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கருவியில் எல்லாமே அப்படித்தான் தெரியுமாம். எங்களுக்கு யார் அதைச் சொன்னார்கள்? கொஞ்ச நாளில் வயல் போய்விட்டது. அப்புறம் பெரியப்பா அந்தச் சிரிப்பைச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தூசி விழுந்து ஒற்றைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவனைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

இன்னொன்றும் அப்போது நடந்தது. எஸ்டேட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டு வந்தார்கள். நேராக வந்த சுவர், பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன அம்மன் கோயில் கிட்ட வந்ததும் வளைந்து, கோயிலைச் சுற்றிக்கொண்டு, பிறகு மறுபடி நேராகப் போனது. வயலுக்கு வளையாத சுவர் சாமிக்கு வளைந்தது. ஊர் அதை நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டது.

மிச்சம் இருந்தது எங்கள் தெரு, பொதுக் கிணறு, ஏரியிலிருந்து வருகிற கால்வாய், அதன் கரையில் அம்மா போட்டிருந்த கீரைப் பாத்தி. நைனா எனக்கு நினைவு தெரிகிறதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கீரையில்தான் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம்: அம்மா, என் அக்கா, நான்.

கால்வாயின் தலைமாட்டில் ஒரு கம்பெனி வந்தது. இரும்புச் சாமானைக் கண்ணாடி மாதிரி மினுக்குகிற முலாம் கம்பெனி. சுவரில் ஓட்டை போட்டு ஒரு குழாயைக் கால்வாய்க்குள் விட்டிருந்தார்கள். முதலில் எங்களுக்கு அது வேடிக்கை. கல்யாண வீட்டில் கரைத்து வைத்த சாயம் மாதிரி, வெயில் பட்டால் தங்கமாக மின்னுகிற மஞ்சள். கையில் அள்ளி அள்ளிப் பார்த்தோம். அப்புறம் தவளைச் சத்தம் நின்றது. கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் கஞ்சி ஒரு நிறமாக வந்தது. கீரை இலைகளின் ஓரம் நெருப்புப் பட்டது போலச் சுருண்டது. மார்க்கெட்டில் ஒரு பொம்பளை அம்மாவின் கூடையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு, "இன்னாம்மா உன் கீர, நாக்குல சுருக்குன்னுது?" என்று துப்பிவிட்டுப் போனாள்.

அக்காதான் கால்வாயில் இறங்கி நின்று கீரைக் கட்டுகளை அலசுவாள். அவள் கால் விரல் சந்துகளில் புண் வந்தது. ஆறாது, குழி குழியாக உள்ளே இறங்கும். அம்மா விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிடுவாள். "மஞ்சத் தண்ணியால வந்ததுக்கு மஞ்சளே மருந்தாம்மா?" என்று அக்கா சிரிப்பாள். அவள் எட்டாவது, நான் ஆறாவது, ஒரே பள்ளிக்கூடம்.

அந்த வருஷம்தான் டிராயிங் டீச்சர் வந்தாள்.

பட்டணத்துப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவாள். ஒல்லியாக இருப்பாள். தோளில் நீளமாக ஒரு குழல், அதற்குள் சுருட்டிய காகிதம். இதைக் கேட்டதுமே உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதுதான் எங்கள் ஊருக்கும் தோன்றியது. கையில் ஒரு தகரப் பெட்டி; அதற்குள் மெழுகுக் கலர் குச்சிகள். அதுவரை நாங்கள் கலர் என்றால் சாமி படத்தில்தான் பார்த்திருக்கிறோம். அந்தப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனைக்கு இன்று வரை எனக்குப் பெயர் தெரியாது. ஒருவன் சிவப்புக் குச்சியைக் கடித்தே பார்த்துவிட்டான்.

அவள் எங்களை ரோஜாப்பூ வரையச் சொல்லவில்லை, தேசியக் கொடி வரையச் சொல்லவில்லை. "உங்க வீட்டுத் தண்ணி எங்கேயிருந்து வருது, எங்கே போகுது? அதை வரைங்க" என்றாள். எல்லா வகுப்பையும் ஒன்றாகச் சேர்த்து எங்களைக் கால்வாய்க் கரைக்கே கூட்டிக்கொண்டு போனாள். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு கையை நேராக நீட்டி, பென்சிலை நட்டமாகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கம்பெனிச் சுவரைப் பார்த்தாள். "சுவர் எவ்வளவு உயரம், கிணறு அதுல எத்தனை பங்குன்னு இப்படி அளக்கணும்" என்று காட்டிக் கொடுத்தாள். அதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று அக்கா, இன்னொன்று நான்.

எல்லோரும் பார்த்ததைத்தான் வரைந்தோம். குழாய், கால்வாய், கிணறு, கீரைப் பாத்தி. பெட்டியில் மஞ்சள்தான் முதலில் தீர்ந்தது. கடைசித் துண்டைப் பகிர்ந்துகொள்ள அடிதடி.

என் படத்தை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது, காட்டாமல் இருக்க முடியவில்லை. வழியில் சைக்கிள் கடையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"யாருடா இத்த வரையச் சொன்னது?"

"டீச்சர்."

"எப்படி வரஞ்சே? அளவெல்லாம் சரியா கீது?"

நான் பெருமையாகக் கையை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக் காட்டினேன்.

பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியா? பாத்தியாடா? கண்ண மூடறா! மிச்சம் கீறதயும் எட்த்துக்க வந்துட்டானுங்க. பெரியவங்கள கேட்டா உஷாராயிடுவோம்னு பசங்கள வுட்டு அளக்கறானுங்க!"

அன்று மாலையே சைக்கிள் கடையில் கூட்டம் கூடிவிட்டது. டீச்சரின் குழலைப் பார்த்தவர்கள், அவள் கிணற்றங்கரையில் நின்று "இந்தக் கிணறு யாரோடது?" என்று கேட்டதைக் கேட்டவர்கள் என்று ஆளுக்கொரு சாட்சி வந்தது. மஞ்சள் கால்வாயைப் பற்றித்தான் பெரியப்பாவுக்கு ரொம்பக் கவலை.

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு நம்ம பசங்களே வரஞ்சு குடுத்தா இன்னா ஆவும்? இது எதுக்கும் ஒதவாத நெலம்னு எழுதிகினு, சல்லி வெலைக்கு எட்த்துகினு பூடுவான். இத்த காட்டவே கூடாது. எல்லாப் படத்துலயும் ஒரு கோயில் போடுங்க. கோயில் இருந்தா சொவரு வளஞ்சு போவும். நம்ம கண்ணால பாத்தோமில்ல?"

"சுடுகாடும் ஒண்ணு போடுங்கடா," என்றான் சைக்கிள் கடைக்காரன், பஞ்சர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே. "சாமிக்குப் பயப்படாதவன் பேய்க்காவது பயப்படுவான்."

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் ஒருமுறை குடை பிடித்து இளநீர் கொடுத்து ஏமாந்தவனின் கணக்கு அது. அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த டிராயிங் வகுப்பில் எல்லோரும் ஒரே பாட்டாக, "பழைய படம் அழுக்காயிடுச்சு டீச்சர், வேற வரையறோம்" என்றோம். டீச்சருக்குப் புரியவில்லை, ஆனால் காகிதம் கொடுத்தாள். இந்த முறை நீலமும் காவியும் தீர்ந்தன. கால்வாய் நீலமாக ஓடியது. நான் போட்ட கோயிலுக்கு அடுக்கடுக்காகக் கோபுரம், உச்சியில் கலசம், நான்கு மூலையிலும் பூதம். சொல்லக்கூடாது, அந்த வகுப்பிலேயே அதுதான் சிறந்த கோபுரம். ஒருவன் சைக்கிள் கடைக்காரன் பேச்சைக் கேட்டுச் சுடுகாட்டில் எரிகிற பிணத்தையே போட்டிருந்தான்.

அக்கா மட்டும் மாற்றவில்லை. வீட்டில் அம்மா கெஞ்சினாள். "நீயும் ஒரு கோயில போட்டுக் குடுத்துடேன்டி. பெரியப்பாரு சும்மா வுட மாட்டாரு."

"எங்கம்மா போடறது? எடமே இல்ல. கால்வா போவுதே."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அம்மா அவள் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் பூச ஆரம்பித்துவிட்டாள்.

டீச்சருக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். நேராகச் சைக்கிள் கடைக்கே வந்துவிட்டாள். நான் பெஞ்சுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பெரியவரே, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு ஆபீசர் வர்றார். அந்தக் கம்பெனியைத் திறக்க அனுமதி குடுத்த ஆபீஸ்லதான் அவரும் இருக்கார். சொன்னா கேட்டுக்க மாட்டார். படமா மாட்டினா பாத்துத்தானே ஆகணும்? பிள்ளைங்க முன்ன வரைஞ்ச மாதிரியே வரையட்டும்."

பெரியப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு இன்னாம்மா எங்க தண்ணி மேல அவ்ளோ அக்கற? நீ குடிக்கிறியா அத்த?"

"இல்ல. பிள்ளைங்க குடிக்கிறாங்க."

அவள் போனதும் பெரியப்பா மற்றவர்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாத்தியா, பட்டு பட்டுன்னு பதில் வருது. ட்ரெயினிங் குடுத்து அனுப்பிச்சிகிறானுங்க."

ஆண்டு விழா வந்தது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கயிறு கட்டி, படங்களைக் குண்டூசியால் மாட்டியிருந்தாள் டீச்சர். காற்றில் கோயில்கள் எல்லாம் படபடவென்று ஆடின. ஊரே வந்திருந்தது, படம் பார்க்க அல்ல, ஆபீசரைப் பார்க்க. வெள்ளைச் சட்டை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாக நகர்ந்தார். என் கோபுரத்தின் முன்னால் நின்றார்.

"இவ்வளவு பெரிய கோபுரமா? நான் வர்ற வழியில கண்ணுல படலையே?"

பின்னாலிருந்து பெரியப்பா, "உள்ளாற கீது சார்" என்றார்.

"பக்கத்துப் படத்துல கோயில் கிணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. இதுல இந்தப் பக்கம் இருக்கு?"

"ரெண்டு கீது சார்."

ஆபீசர் சிரித்துக்கொண்டே நகர்ந்து அக்காவின் படத்துக்கு வந்தார். அதில் கோயில் இல்லை. கம்பெனிச் சுவர், குழாய், அங்கிருந்து தாளின் கீழ்வரை வருகிற மஞ்சள். அந்த மஞ்சளுக்குள் இரண்டு கால்கள். முகம் வரையவில்லை; முழங்கால் வரைக்கும்தான். விரல் சந்துகளில் சிவப்புப் புள்ளிகள்.

அவர் சிரிப்பு நின்றது. "இது என்ன?"

டீச்சர் முன்னால் வந்தாள். "அந்தக் கால்வாய்த் தண்ணி இப்படித்தான் சார் இருக்கு. அந்தப் பொண்ணு தினமும் அதுலதான் நிக்குது."

ஆபீசர் மற்றப் படங்களைத் திரும்பிப் பார்த்தார். "மத்தப் பிள்ளைங்க எல்லாம் நீலமா போட்டிருக்காங்களே?" பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஊர்க்காரங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆளாளுக்குப் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணுக்குக் கலர் தெரியாது சார்," என்றார் பெரியப்பா. "பொறந்ததுலேர்ந்தே அப்டித்தான். கண்ணுல கோளாறு."

கூட்டம் சிரித்தது. ஆபீசருக்கும் நிம்மதி, அவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பெரியப்பாவின் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெரியப்பா போட்டுகினு கீறது பச்சச் சட்ட" என்றாள். அது பச்சைதான். யாரும் காதில் வாங்கவில்லை. ஆபீசர் போகும்போது, "அந்தக் கோயிலை ஒருநாள் வந்து பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அது போதாதா? மறுநாளே கால்வாய்க் கரையில் செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு வேப்பங்கன்றை ஊன்றிவிட்டார்கள். சுற்றி எழுப்பிய குட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை போட்டது நான்தான். ஆபீசர் எந்த நேரத்தில் வருவாரோ என்று பெரியப்பா தினமும் காவல் இருந்தார். பார்வைக்கு உண்மையாக இருக்கட்டும் என்று கற்பூரம் ஏற்றினார். கொஞ்ச நாளில் கற்பூரம் ஏற்றும்போது கண்ணை மூடிக் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார்.

ஆபீசர் வரவில்லை. நிலத்தை எடுக்கவும் யாரும் வரவில்லை. அப்படி ஒரு திட்டமே இருக்கவில்லை என்பது எங்களுக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. டீச்சரும் கோடை லீவு முடிந்து வரவில்லை. வேலையை விட்டாளா, வேறு ஊருக்கு அனுப்பினார்களா, தெரியாது. அந்தத் தகரப் பெட்டி பள்ளிக்கூட அலமாரியில் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அதையும் காணவில்லை. பாத்தியில் கீரை முளைப்பது நின்றுபோனது. அம்மா அதே முலாம் கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். நான் லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே முதலாளி ஒரு டிராயிங்கைக் காட்டி, "இது புரியுதா?" என்று கேட்டபோது, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு "புரியுது" என்றேன். அங்கே பிடித்த வளர்ச்சிதான் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற ஆள்.

அக்காவுக்குத்தான் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. தெருவில் "மஞ்சக்கண்ணு" என்று கூப்பிட்டார்கள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரைக்கும் அது போய்விட்டது. ஒரு மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடி வளையலாக வாங்கி வந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள்.

"இது இன்னா கலரும்மா?"

சிவப்பு வளையல். அக்கா, "மஞ்ச" என்றாள்.

"இது?"

"அதுவும் மஞ்ச."

"இது?"

"ஒங்க பொடவையும் மஞ்சதான்."

வந்தவர்கள் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். பெரியப்பா ஆடித் தீர்த்தார். "ஏன்டி இப்டிப் பண்ணே?" "நீங்கதானே சொன்னீங்க, எனக்குக் கலர் தெரியாதுன்னு? ஒங்கள பொய்யாக்கலாமா?" என்றாள் அக்கா. கடைசியில் திருமழிசையில் ஒரு லாரி டிரைவர் கட்டிக்கொண்டார். "பச்ச லைட்டு, செவப்பு லைட்டு நான் பாத்துக்கறேன்" என்றாராம். தங்கமான மனுஷன்.

இப்போது அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கொள்ள வந்தவள். கட்டு அவிழ்த்த நாளிலிருந்து எதைப் பார்த்தாலும், "இன்னாடா, நீலம் இம்மா நீலமாவா கீது?" என்று வியந்துகொண்டு இருக்கிறாள். மதுரைப் பெண் என்னிடம் பேசிவிட்டுப் போகும்போது வாசலில் அக்காவைப் பிடித்துவிட்டாள். அக்கா உடனே சரி என்றுவிட்டாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. காரணத்தை உங்களிடம் மறைப்பானேன். கால்வாய் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டது. மேடாகிப் பட்டா போட்டு விற்ற பிறகுதான் என் ஷெட்டுக்கான இடத்தை நான் வாங்கினேன், பத்திரம் எல்லாம் சுத்தம். ஆனால் தோண்டு என்று ஒருவன் சொன்னால்? கால்வாய் எங்கே ஓடியது என்று தெரிந்தவர்களில் இன்றைக்கு இந்தப் பக்கத்தில் மிச்சம் இருப்பது நானும் அக்காவும்தான். அந்தப் பெண் யாருக்கு வேலை செய்கிறாள்? புரோக்கரா? பில்டரா? கார் பார்க்கிங்கில் தண்ணீர் என்பது நிஜமா? ஒருநாள் மழை விட்டதும் நானே போய் எட்டிப் பார்த்தேன். நிஜம்தான். ஒரு சின்னக் குழந்தை காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. கப்பலின் அடி மஞ்சளாக ஊறியிருந்தது.

அப்படியும் சந்தேகம் விடவில்லை. அக்காவோடு நானும் போனேன், கண்காணிக்கத்தான். அடுக்குமாடி ஹாலில் பெரிய தாளைத் தரையில் விரித்து வைத்திருந்தார்கள். எல்லா ஊர்ப் பேச்சும் அங்கே இருந்தது. கோவை, நெல்லை, சேலம். எங்கள் ஊர்ப் பேச்சுதான் குறைவு. தாளில் ஏற்கெனவே எவரோ அடுக்குமாடியையும் என் ஷெட்டையும் கோயிலையும் போட்டிருந்தார்கள். அந்தச் செங்கல் கோயில்தான். இன்றைக்கு அதற்குக் கிரானைட் தரை, மைக் செட், கோபுரம் எல்லாம் வந்துவிட்டன. போகிற வழியில் பாருங்கள், அடுக்கடுக்காக, மூலைக்கொரு பூதம். டிசைன் யாருடையது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அக்கா நாற்காலியை மறுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து மஞ்சள் குச்சியை எடுத்தாள். கையை நேராக நீட்டி, குச்சியை நட்டமாகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடினாள். பழைய கம்பெனிச் சுவர் இருந்த இடத்தில் ஆரம்பித்தாள். இழுத்துக்கொண்டே வந்தாள். கிணற்றைத் தாண்டி, கோயிலுக்கு அடியில் புகுந்து, வெளியே வந்து, என் ஷெட் கிட்ட வந்தது கோடு.

அங்கே கை நின்றது.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குச்சியைத் தூக்கி, ஷெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்து, அங்கிருந்து மறுபடி இழுத்து அடுக்குமாடி வரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.

"இங்க மட்டும் ஏன் பாட்டி விட்டுட்டீங்க?" என்றாள் மதுரைப் பெண். "தண்ணி தாண்டிக் குதிச்சா போச்சு?"

"அங்க இன்னா இருந்துச்சுன்னு சரியா ஞாபகம் இல்லம்மா," என்றாள் அக்கா. "கண்ணு வேற சரியில்ல."

என் அக்கா வாயிலிருந்து அந்தப் பேச்சு. ஊரே நின்று கேட்டபோதுகூடச் சொல்லாதவள். எல்லோரும் அந்த வெள்ளை இடைவெளியைப் பார்த்தார்கள். நான் அக்காவின் காலைப் பார்த்தேன். விரல் சந்துகளில் அந்தக் குழிகள் இன்னும் இருக்கின்றன. தோல் மூடியிருக்கிறது, மேடாகவில்லை.

"அக்காவுக்குக் கண்ணெல்லாம் நல்லா தெரியும்," என்றேன். மூட்டு வலியோடு கீழே உட்கார்ந்து அவள் கையிலிருந்து குச்சியை வாங்கினேன். "அவ போட்டதுல ஒரு தப்பும் இல்ல. இந்த எடத்துல கால்வா நேரா வராது, இப்படி ஒரு வளைவு வரும்." விட்ட இடத்தில் வைத்து, விட்ட இடம் வரைக்கும் அழுத்தி இழுத்தேன். என் லேத் நிற்கிற இடம், ஆபீஸ் ரூம், என் பெயர்ப் பலகை, எல்லாம் அந்த மஞ்சளுக்குக் கீழே போயின.

"அங்கிள்... இது உங்க ஷெட் இல்ல?"

"ஆமா. அதுக்கு அடியிலதான் ஓடுது. அந்தக் குழாய இன்னும் எவன் தொறந்து வுட்டுகினு கீறான்னு கால்வா தலமாட்டுல போய்ப் பாக்கச் சொல்லு."

அக்கா குனிந்து அந்த வளைவைப் பார்த்தாள். பிறகு முழங்கையால் என்னை இடித்தாள். "இன்னாடா, கோபுரம் போடலயா?"

"எடமே இல்லக்கா," என்றேன். "கால்வா போவுதே."

மதுரைப் பெண் தாளைச் சுருட்டி ஒரு நீளக் குழலுக்குள் போட்டாள். நான் கையை நீட்டினேன். அந்தக் குழலை நான்தான் கொண்டுவருவேன், வார்டு கூட்டத்தில் என் கையால்தான் பிரித்து மாட்டுவேன் என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன். யாரையும் நம்புவதாக இல்லை. இப்போது அது என் கட்டில் பக்கத்தில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது.